ஈஸ்ட்டில் மனிதப் புரதம்: ஃபெட்-பேட்சா, தொடர் வளர்ப்பா? மதுரையில் தொடங்குவோருக்கான ஒப்பீடு

மனிதப் புரதம் ஒன்றை ஈஸ்ட்டில் தயாரிப்பது என்று முடிவு செய்துவிட்ட சிறு குழுவுக்கு அடுத்ததாக எழும் கேள்வி, அந்த ஈஸ்ட்டை எந்த முறையில் வளர்ப்பது என்பதாகும். ஒரு தொகுதியைச் சில நாள்கள் ஊட்டி வளர்த்து, முடிந்ததும் கலத்தைக் காலி செய்து, கழுவி, கிருமி நீக்கி, மீண்டும் தொடங்கும் ஃபெட்-பேட்ச் முறை ஒன்று. ஈஸ்ட்டுக்கு உணவான புதிய ஊட்டக் கரைசல், அதாவது ஊடகம், ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்க, அதே அளவு திரவம் மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருக்க, வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும் தொடர் வளர்ப்பு மற்றொன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-களிலேயே உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கிவிட்டதால், இத்துறையில் பயின்றவர்கள் இவ்வூரில் ஒரு தலைமுறைக்கு மேலாக இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்தோ, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஓர் அறையைப் பெற்றோ தொழில் தொடங்க நினைத்தால், கையில் இருக்கப்போவது ஐந்து லிட்டர் ஊடகம் கொள்ளும் ஒரு ஃபெர்மென்டர், அதாவது வளர்ப்புக் கலம்தான். அந்த அளவை மனதில் கொண்டே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். விளைபொருள் ஊசி மருந்தாக அல்லாமல், செல் வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் பொருளாகவோ ஆய்வுக்கூட வினைபொருளாகவோ விற்கப்படும் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

வளர்ப்பு முறையைப் பேசுவதற்கு முன் எந்தப் புரதம் என்பது தெளிவாக வேண்டும். ஈஸ்ட்டுக்கு ஏற்ற மனிதப் புரதம் என்பது செல்லுக்கு வெளியே சுரக்கப்படக்கூடியதும், கந்தக அணுக்கள் இணையும் டைசல்ஃபைடு பிணைப்புகளால் உறுதி பெறுவதும், சர்க்கரைச் சங்கிலி தேவைப்படாததுமான புரதம். மனித சீரம் அல்புமினில் 585 அமினோ அமிலங்களும் 17 டைசல்ஃபைடு பிணைப்புகளும் உண்டு. சர்க்கரைச் சங்கிலி கிடையாது. 53 அமினோ அமிலங்களே கொண்ட மேற்தோல் வளர்ச்சிக் காரணியும், 130 அமினோ அமிலங்கள் கொண்ட மனித லைசோசைமும் இதே வகையைச் சேர்ந்தவை. இரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் போன்றவற்றில் சர்க்கரைச் சங்கிலியின் அமைப்பே புரதம் இரத்தத்தில் எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஈஸ்ட்டோ அந்த இடத்தில் மேன்னோஸ் என்ற சர்க்கரையையே மிகுதியாக அடுக்கிவிடும். மனிதச் சர்க்கரைச் சங்கிலியை அமைக்கும்படி மாற்றப்பட்ட ஈஸ்ட் வகைகள் உருவாக்கப்பட்டுள்ளன என்றாலும், சிறு குழு அந்தப் பாதையில் இறங்க வேண்டியதில்லை. அத்தகைய புரதங்களைப் பாலூட்டிச் செல்களுக்கே விட்டுவிடலாம்.

எந்த ஈஸ்ட் என்பதிலும் நீண்ட விவாதம் தேவையில்லை. ரொட்டி ஈஸ்ட்டான சாக்கரோமைசஸ் செரிவிசியே, 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியையும், நோவோ நார்டிஸ்கின் இன்சுலினையும் தந்தது. பிச்சியா பாஸ்டோரிஸ், அதாவது இன்று கோமகடயெல்லா ஃபாஃபியை என்று வகைப்படுத்தப்படும் ஈஸ்ட், ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் வெளியிட்ட ஹெபடைடிஸ்-பி தடுப்பூசிக்கும், பெங்களூரின் பயோகான் 2004-இல் வெளியிட்ட இன்சுலினுக்கும் அடிப்படையாக இருந்தது. கண் மருத்துவத்துக்குப் பேர் பெற்ற மதுரையில் இதையும் சொல்லத் தோன்றுகிறது: விழித்திரையைப் பற்றி இழுக்கும் விழிப்படிகநீர்மத்தை விடுவிக்க 2012-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஆக்ரிபிளாஸ்மின், மனிதப் பிளாஸ்மினின் சுருக்கிய வடிவம்; அதுவும் பிச்சியாவில் தயாரிக்கப்பட்டதே.

சாக்கரோமைசஸுக்கு ஆக்சிஜன் போதிய அளவில் இருந்தாலும் சர்க்கரை மிகுந்துவிட்டால் எத்தனால் தயாரிக்கும் பழக்கம் உண்டு. தொடர் வளர்ப்பில் நீர்த்தல் வீதம், அதாவது ஒரு மணி நேரத்தில் ஊட்டப்படும் ஊடகத்தைக் கலத்திலுள்ள திரவத்தின் அளவால் வகுத்துக் கிடைக்கும் எண், ஏறத்தாழ 0.3-ஐ நெருங்கும்போது இந்த மாற்றம் தொடங்கும். அதற்குக் கீழே வைத்தால் அது ஒழுங்காகவே நடந்துகொள்ளும். பிச்சியாவுக்கு இந்தப் பழக்கம் ஏறக்குறைய இல்லை; தன் சொந்தப் புரதங்களை அது வெளியே சுரப்பதும் குறைவு என்பதால் சுத்திகரிப்பும் எளிது. மரபணு அதன் குரோமோசோமிலேயே பதிக்கப்படுவது தொடர் வளர்ப்பைக் கருதுவோருக்கு மேலும் சாதகமானது. சாக்கரோமைசஸில் வழக்கமான பிளாஸ்மிட்டை, அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனி வளையமாக இருக்கும் டிஎன்ஏவை, வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஓட்டுவது வீண் வேலை. அந்த ஈஸ்ட்டே வேண்டுமென்றால், உயிர் வாழ்வதற்குத் தேவையான டிரையோஸ் ஃபாஸ்ஃபேட் ஐசோமரேஸ் மரபணுவைக் குரோமோசோமிலிருந்து நீக்கி, அதைப் பிளாஸ்மிட்டில் வைத்து, பிளாஸ்மிட்டை இழந்த செல் வளரவே முடியாதபடி செய்யும் உத்தி ஒன்று உண்டு. ஆகவே இனி பிச்சியாவை வைத்தே பேசுகிறேன். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு விளைகிறதே, சர்க்கரை ஆலையில் எஞ்சும் பாகான மொலாசஸை ஊட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிச்சியா சுக்ரோஸை உண்ணாது. உண்டாலும், மொலாசஸின் நிறத்தையும் அழுக்கையும் புரதத்திலிருந்து நீக்கும் செலவு சர்க்கரையில் மிச்சப்பட்டதை விழுங்கிவிடும்.

இப்போது அளவுகளை ஒப்பிடலாம். ஐந்து லிட்டர் கலத்தில் நீர்த்தல் வீதத்தை மணிக்கு 0.05 என்று வைத்தால், மணிக்குக் கால் லிட்டரும் நாளொன்றுக்கு ஆறு லிட்டரும் வெளியேறும். திரவம் கலத்தில் தங்கும் சராசரி நேரம் 20 மணி. செல், புரத அளவுகள் மாறாமல் நிற்கும் நிலைத்த நிலையை எட்ட இதைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நேரம் ஆகும் என்பதால், முதல் நான்கு நாள்களின் திரவத்தை விலக்கிவிட வேண்டும். மூன்று வாரம் ஓட்டினால் கையில் நிற்பது 102 லிட்டர். ஃபெட்-பேட்சில் கிளிசராலில் செல்களைப் பெருக்கி, பின் புரதத்தைத் தூண்டி, அறுவடை செய்து, கழுவி, மறுபடி தொடங்க ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். மூன்று வாரத்தில் 15 லிட்டர். எனவே ஃபெட்-பேட்சின் திரவத்தில் புரதம் ஏழு மடங்கு செறிவாக இருந்தால் இரண்டும் சமம். அதைவிடக் குறைந்தால் தொடர் வளர்ப்பு முந்தும்.

ஃபெட்-பேட்சுக்கு அந்த ஏழு மடங்கு எட்டாத உயரமன்று. பிச்சியாவை லிட்டருக்கு 100 கிராம் உலர் எடைக்கு மேல் வளர்க்க முடியும். அல்புமின் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் கிடைத்திருப்பதும் பதிவாகியுள்ளது. ஆனால் அவ்வளவு அடர்த்தியில் கலத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்களே என்பதை மறந்துவிடக்கூடாது. ஐந்து லிட்டரை மையவிலக்கியில் சுழற்றினால் தெளிநீர் மூன்று லிட்டர் அளவில்தான் கிடைக்கும். மேலும், முதல் நாள் சுரந்த புரதம் நான்காம் நாள்வரை 30 பாகைச் சூட்டில், இறந்து சிதையும் செல்களிலிருந்து கசியும், புரதத்தை நறுக்கும் புரோட்டியேஸ் நொதிகளுடன் சேர்ந்தே கிடக்கிறது. தொடர் வளர்ப்பில் அதே புரதம் சராசரியாக 20 மணி நேரத்தில் வெளியேறி, 4 பாகையில் வைத்த பாத்திரத்தை அடைந்துவிடும். கலத்தில் நீண்ட நேரம் கிடந்தால் ஓரம் நறுக்குப்பட்டு இரண்டு மூன்று துண்டுகளாகத் தெரியும் புரதங்களுக்கு இந்த ஒரு காரணமே தொடர் வளர்ப்பைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

ஆனால் தொடர் வளர்ப்பு சாத்தியமா என்பதை, வளர்ப்பு முறையைவிட மரபணுவை இயக்கும் புரோமோட்டரே முடிவு செய்கிறது. பிச்சியாவுக்கு இரண்டு பெரிய தெரிவுகள் உள்ளன. ஏஓஎக்ஸ்1 புரோமோட்டர் மெத்தனால் இருக்கும்போது மட்டும் இயங்கும். இயங்கத் தொடங்கினால் மிக வலுவானது. ஜிஏபி புரோமோட்டர் கிளிசராலிலோ குளுக்கோஸிலோ எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். பாடநூல்களும் கிட்களும் முதலாவதையே முன்னிறுத்துவதால், பலரும் யோசிக்காமலே மெத்தனாலில் போய் நிற்கிறார்கள்.

பிச்சியாவின் வரலாறே மெத்தனாலும் தொடர் வளர்ப்பும் சேர்ந்ததுதான். 1970-களில் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் மெத்தனாலை உண்ணக் கொடுத்து, தொடர் வளர்ப்பில் இந்த ஈஸ்ட்டைப் பெருக்கி, கால்நடைத் தீவனப் புரதம் தயாரிக்க முயன்றது. எண்ணெய் விலை ஏறியதும் அந்தக் கணக்குச் சரிந்தது. அன்று செல்லே விளைபொருள். இன்று செல் சுரக்கும் புரதம் வேண்டும் என்பதால் நிலைமை வேறு. மெத்தனால் ஊடகத்தில் லிட்டருக்குச் சில கிராம் அளவைத் தாண்டினால் செல்லை நஞ்சூட்டும். குறைந்தால் தூண்டல் தளரும். அளவை இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் நிலைநிறுத்த நம்பகமான மெத்தனால் உணரி வேண்டும்.

வெப்பத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கிராம் செல்லைக் கிளிசராலில் வளர்த்தால் ஏறத்தாழ 14 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. மெத்தனாலில் அது 35-ஐத் தாண்டுகிறது. லிட்டருக்கு 40 கிராம் செல், 0.05 நீர்த்தல் வீதம், கிளிசரால் என்றால் லிட்டருக்கு 8 வாட். உச்சத்தில் இருக்கும் மெத்தனால் ஃபெட்-பேட்சில் லிட்டருக்கு 25 வாட் எதிர்பார்க்கலாம். ஐந்து லிட்டரில் இவ்விரண்டுமே சிறு சில்லரால் சமாளிக்கக்கூடியவை. ஆனால் பிற்காலத்தில் 500 லிட்டருக்குப் போக நினைப்பவர், அக்னி நட்சத்திரக் காலத்தில் வெயில் 40 பாகையைத் தொடும்போது 12 கிலோவாட் வெப்பத்தை 30 பாகைக் கலத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் அப்போது கலத்தைவிடச் சூடாக இருக்கும். ஆக்சிஜனும் அதே விகிதத்தில் செலவாகும். கிளிசரால் தொடர் வளர்ப்புக்குக் காற்றே போதும். அடர்ந்த மெத்தனால் வளர்ப்புக்கு ஆக்சிஜன் உருளை வேண்டும்.

தமிழ்நாட்டுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. மெத்தனால் இங்கே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று, கணக்கு எழுதி வைத்திருக்க வேண்டிய பொருள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த பிறகு, யார் எவ்வளவு மெத்தனால் வைத்திருக்கிறார்கள் என்பதில் கண்காணிப்பு கூடியிருப்பது இயல்பே, அது நியாயமும்கூட. ஆய்வுக்கூடத்துக்கு அரை லிட்டர் புட்டி வாங்குவது வேறு, வாரந்தோறும் தொடர்ந்து ஊட்டுவதற்கு வாங்குவது வேறு. மூன்று வார ஓட்டத்துக்குத் தேவைப்படும் பத்து கிலோ கிளிசராலை எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிவிடலாம்.

ஆகவே தொடர் வளர்ப்பு என்றால் ஜிஏபி, கிளிசரால். மெத்தனால்தான் வேண்டும் என்றால் ஃபெட்-பேட்ச். இந்த இணைப்பை மாற்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. புரதம் செல்லுக்கே தீங்கு செய்வதாக இருந்தால், எப்போதும் இயங்கும் ஜிஏபி அச்செல்லை முதல் நாளிலிருந்தே நசுக்கும். அங்கே முதலில் வளர்த்து, பிறகு தூண்டும் ஃபெட்-பேட்சுக்கு மாற்று கிடையாது.

அடுத்தது மரபுச் சிதைவு. தொடர் வளர்ப்பை மறுப்பவர்களின் வலுவான வாதம் இதுதான் என்பதால், இதை எண்களாகவே பார்ப்பது நல்லது. புரதம் சுரப்பது செல்லுக்குச் சுமை. எங்கோ ஒரு செல் அந்த மரபணுவை இழந்துவிட்டால், அது தன் அண்டைச் செல்லைவிடச் சற்று வேகமாகப் பெருகும். களை எடுக்காத வயல்போல, கலம் மெல்ல மெல்ல அதன் வசமாகும். அப்படிப்பட்ட செல் 20 சதவீதம் வேகமாக வளர்கிறது என்றும், தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒன்று அவ்வாறு இருக்கிறது என்றும் கொள்வோம். நீர்த்தல் வீதம் 0.05 என்றால், மூன்று வார முடிவில் ஏறத்தாழ 36 தலைமுறைகள் கடந்திருக்கும். சுரக்காத செல்கள் கலத்தில் எட்டில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கும். அதே கலத்தை 0.1-இல் ஓட்டினால் நூற்றுக்கு 96 செல்கள் சுரக்காதவையாக இருக்கும். தொடக்கத்தில் பத்து லட்சத்தில் ஒன்றுதான் அவ்வாறு இருந்தது என்றால், 0.1-இல் கூட நூற்றுக்கு இரண்டு அளவில் நிற்கும். வளர்ச்சி வேறுபாடு 5 சதவீதமே என்றால், 0.05-இல் ஓடும் கலத்தில் மூன்று வாரத்துக்கு இந்தப் பேச்சையே எடுக்க வேண்டியதில்லை.

இவை எளிய கணக்குகளே. இடையில் புதிதாக உருவாகும் சுரக்காத செல்களை நான் சேர்க்கவில்லை. ஆயினும் முடிவெடுக்க இவை போதும். விளைச்சலைக் கூட்டுவதற்காக மரபணுவின் பல பிரதிகளை அடுத்தடுத்துப் பதிப்பது ஃபெட்-பேட்சில் புத்திசாலித்தனம். தொடர் வளர்ப்பில் அதுவே வினையாகும். ஒரே மாதிரியான பிரதிகள் வரிசையாக இருந்தால், செல் தன் இயல்பான மறுசேர்க்கையால் அவற்றை வளையமாக வெளியே தள்ளிவிடும். தொடக்கத்திலேயே ஆயிரத்தில் ஒன்று என்ற நிலை அப்படித்தான் உருவாகிறது. ஒன்றோ இரண்டோ பிரதிகள் கொண்ட, தனிக் காலனியிலிருந்து எடுத்து உறைய வைத்த செல் வங்கியிலிருந்து தொடங்குவதே சரி. ஜிஏபியில் வளர்ச்சி வீதம் கூடக் கூட ஒரு செல் சுரக்கும் அளவும் பொதுவாகக் கூடும் என்பதால், வீதத்தை ஏற்ற ஆசை வரும். அந்த ஆசைக்கு 0.05-க்கும் 0.07-க்கும் நடுவில் எல்லை கட்டுவதே என் பரிந்துரை. ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே, குடுவையில் 50 தலைமுறை வரை மறுநடவு செய்து, இறுதியில் நூறு காலனிகளைத் தனித்தனியே சோதித்துப் பார்க்காத ஈஸ்ட்டைத் தொடர் வளர்ப்பில் ஏற்றவே கூடாது.

மின்சாரம்தான் இவ்வூரில் மற்றொரு பெரிய தீர்மானிப்பு. லிட்டருக்கு 40 கிராம் செல் இருக்கும் கலத்தில் காற்று நின்றால், கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 15 வினாடியில் தீர்ந்துவிடும். அடர்ந்த ஃபெட்-பேட்சில் ஐந்து வினாடிகூட ஆகாது. ஜெனரேட்டர் எழுந்து மின்சாரம் தரும்வரை உள்ள இடைவெளியை யுபிஎஸ் நிரப்ப வேண்டும். கலக்கி, பம்பு, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுக்கு யுபிஎஸ் கொடுத்துவிட்டு, காற்றழுத்தியைச் சுவர் பிளக்கில் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது பம்பு மட்டும் ஊட்டிக்கொண்டே இருக்கும், மூச்சு விட முடியாத செல்லைச் சுற்றிக் கிளிசரால் குவியும், மின்சாரம் திரும்பியதும் செல்கள் அதை ஒரேயடியாக உண்ணும். நிலைத்த நிலை கலைந்து, மறுபடி நான்கு நாள் காத்திருக்க வேண்டி வரும். ஆக்சிஜன் அளவு ஓர் எல்லைக்குக் கீழே போனால் ஊட்டும் பம்பு தானாக நிற்கும்படி அமைப்பது செலவில்லாத காப்பீடு.

துணை மின் நிலையப் பராமரிப்புக்காக ஒரு பகுதிக்குப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துவிடும். ஒரு வார ஃபெட்-பேட்சை அந்த அறிவிப்பைப் பார்த்து முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். மூன்று வார ஓட்டம் அந்த நாளைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். எனவே நம்பகமான ஜெனரேட்டர் இல்லாத கூடத்தில் தொடர் வளர்ப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன். பிற குறைகளுக்கெல்லாம் ஏதாவது மாற்று உண்டு, இதற்கு இல்லை.

கிருமித் தொற்றைப் பற்றிய பயம் பெரும்பாலும் மிகைப்படுத்தப்படுகிறது, ஆனால் ஆதாரமற்றதன்று. பிஹெச் 5-இல், உப்புகளும் கிளிசராலும் மட்டுமே கொண்ட ஊடகத்தில் பல பாக்டீரியாக்கள் தடுமாறும். தடுமாறாத ஒன்று நுழைந்துவிட்டால், மணிக்கு 0.05-ஐவிட வேகமாக வளரும் எதுவும் கலத்தில் நிலைத்துவிடும். ஊடகப் பாத்திரம் மாற்றும் இணைப்பும், பம்பின் உருளைகள் இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருக்கும் ரப்பர்க் குழாயும்தான் அபாயமான இடங்கள். குழாயைச் சில நாள்களுக்கு ஒருமுறை நகர்த்திப் புதிய பகுதியைப் பம்பில் வைக்க வேண்டும். ஊடகம் தயாரிக்க ஆழ்துளைக் கிணற்று நீரை நேராகப் பயன்படுத்தினால், அதன் கால்சியம் ஊடகத்தின் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்படிவாகி வடிகட்டியை அடைக்கும். நூற்று இருபது லிட்டருக்கு மேல் ஆர்ஓ நீர் வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்களை வடிகட்டியால் கலத்திலேயே தடுத்து வைத்து, திரவத்தை மட்டும் வெளியேற்றும் பெர்ஃப்யூஷன் முறையைச் சிலர் முன்மொழிகிறார்கள். ஈஸ்ட் அடர்த்தியில் சவ்வு சீக்கிரம் அடைபடும். சிறு குழுவுக்கு அது இன்னொரு தலைவலி மட்டுமே. மாறாக, வடித்து நிரப்பும் முறை கவனிக்கத்தக்கது. ஃபெட்-பேட்ச் முடிந்ததும் ஐந்தில் நான்கு பங்கை வடித்துவிட்டு, எஞ்சியதையே விதையாகக் கொண்டு புதிய ஊடகம் நிரப்பி, இரண்டு மூன்று சுற்றுகள் ஓட்டலாம். கழுவும் நாள்கள் மிச்சம். தலைமுறைகளின் எண்ணிக்கையும் கட்டுக்குள் நிற்கும். ஜெனரேட்டர் இருந்தும் ஈஸ்ட்டின் நிலைத்தன்மையில் ஐயம் இருப்போருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஊசி மருந்து என்றால் என் தெரிவு மாறும். மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஹெச் அமைப்பின், தொடர் உற்பத்திக்கான வழிகாட்டியான க்யூ13, 2022-இல் இறுதி வடிவம் பெற்றது. எனவே ஒழுங்குமுறை அமைப்புகள் தொடர் முறையை அடியோடு ஏற்பதில்லை என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை வெளியேறிய திரவம் ஒரு தொகுதி, முதல் நாள் புரதமும் இருபதாம் நாள் புரதமும் ஒன்றேதானா, இடையில் ஏற்பட்ட தடங்கல் எவ்வளவு திரவத்தைக் கெடுத்தது என்பனவற்றை எண்ணோடு நிறுவ வேண்டும். அதற்கான பகுப்பாய்வுக் கருவிகளும் ஆள்களும் ஐந்து லிட்டர்க் குழுவிடம் இருக்க மாட்டார்கள். அவர்கள் ஃபெட்-பேட்சில் தொடங்கட்டும். நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல், மரபு மாற்றப்பட்ட ஈஸ்ட்டைக் கையாளும் எவருக்கும், விளைபொருள் எதுவானாலும், முதல் நாளிலேயே தேவை. வெளியேறும் செல்களை அழித்த பிறகே சாக்கடையில் விட வேண்டும் என்ற நிபந்தனை தொடர் வளர்ப்பில் நாள்தோறும் ஆறு லிட்டருக்குப் பொருந்தும் என்பதால், ஆட்டோக்ளேவின் நேரமும் கணக்கில் வர வேண்டும்.

வினைபொருளாக விற்கும் சுரப்புப் புரதம், ஒற்றைப் பிரதி கொண்ட ஜிஏபி ஈஸ்ட், ஜெனரேட்டர் உள்ள கூடம் ஆகிய மூன்றும் பொருந்தினால், ஐந்து லிட்டர் கலத்தில் 0.05 வீதத்தில் மூன்று வாரத் தொடர் வளர்ப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஃபெட்-பேட்ச். அப்போதும் ஒரே ஒருமுறை கலத்தைத் தொடர் முறையில் ஓட்டி, 0.03, 0.05, 0.08 என மூன்று வீதங்களில் ஒரு கிராம் செல் சுரக்கும் புரதத்தை அளந்து வைத்துக்கொள்வது பயன் தரும். ஃபெட்-பேட்சில் ஊட்டும் வேகத்தை எந்த எண்ணில் வைப்பது என்பது அந்த அளவீட்டிலிருந்து நேராகக் கிடைத்துவிடும்.